சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: உண்மையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வேளச்சேரி வாசு:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்கு வயது 74. பிறந்து வளர்ந்தது தெல்லிப்பழைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஊருக்குப் போக வாய்க்கவே இல்லை. சர்க்கரை இருக்கிறது, காலையில் இன்சுலின் போட்டுவிட்டால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. அதனால்தான் பயணம் எத்தனை மணி நேரம் என்று திட்டமாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. ஒரு தளம் 353 என்கிறது, இன்னொன்று 219, மூன்றாவது 191. பறக்கும் நேரம் 42 நிமிடம் என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறார்கள். டிக்கெட்டைத் திறந்தால் புறப்பாட்டுக்கும் வருகைக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம். நடுவில் இருக்கிற அரைமணிக்கு மேலான நேரம் எங்கே போகிறது? வீட்டை விட்டுக் கிளம்பினால் அங்கே போய்ச் சேர மொத்தம் எவ்வளவு ஆகும்? போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வான்வழி:

மூன்று எண்ணும் சரிதான் வாசு. 353 கிலோமீட்டர், 219 மைல், 191 கடல் மைல். ஒரே தூரம், அலகுதான் வேறு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் கடல் மைலில்தான் பேசுவார்கள். அமெரிக்கத் தளங்கள் சாதாரண மைலில் காட்டும். சில தளங்கள் அலகைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

இந்த வழித்தடத்தின் தூரத்தை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவு எளிது. மீனம்பாக்கம் ஏறக்குறைய 12.98 பாகை வடக்கு. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலி 9.79 பாகை வடக்கு. இரண்டும் 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கின்றன. கிழக்கு மேற்காகப் பார்த்தால் பத்துக் கிலோமீட்டர் சுமார்தான் விலகல். ஆகவே நேர் தெற்கே போகிற பாதை. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல். வித்தியாசம் 3.19 பாகை. பெருக்கினால் 191. அவ்வளவுதான்.

இனி அந்த 42 நிமிடம். இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 ரக விமானம், இரண்டு விசிறி எஞ்சின். அதன் உச்ச பயண வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவில். 353ஐ 510ஆல் வகுத்தால் 42 நிமிடம் வரும். அந்தத் தளம் செய்தது இந்த வகுத்தல் கணக்கைத்தான். மீனம்பாக்கத்தில் சக்கரம் அசைந்த கணத்திலேயே விமானம் 510 வேகத்தில் இருப்பதாகவும், பலாலியில் அதே வேகத்தில் வந்து நின்றுவிடுவதாகவும் வைத்துப் போட்ட கணக்கு அது. நடப்பில் ஏறும்போது வேகம் பாதிக்குச் சற்று மேல்தான். இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பெரும்பாலும் பதினைந்தாயிரம் அடி சுமாரில்தான் பறப்பார்கள். அதை எட்டவே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆகும். சற்று நேரம் நேராகப் போனதும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான்.

இன்னொன்று: இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பழக்கத்தில் இன்னும் சிலர் அரைமணி கூட்டுகிறார்கள், இப்போது அது வேண்டாம்.

மீனம்பாக்கம்:

தரைப்பணியில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், டிக்கெட்டில் உள்ள ஒன்றேகால் மணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் இல்லை. எங்கள் பேச்சில் அது பிளாக் டைம். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை இங்கே எடுத்த நிமிடத்தில் தொடங்கி, அங்கே மறுபடி கட்டை வைக்கிற நிமிடம் வரை. இடையில் நடப்பதெல்லாம் அதற்குள் அடக்கம். சென்னையில் பெரிய ஓடுபாதை ஒன்றுதான் முழு வேலையும் செய்கிறது. இறங்குவதும் அதில், ஏறுவதும் அதில். சின்ன விமானங்களைத் தூரத்து நிறுத்தத்தில்தான் விடுவார்கள். அங்கிருந்து தரையில் உருண்டு ஓடுபாதை முனைக்கு வரவே பத்து நிமிடம். முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் இன்னொரு பத்து. கிழக்கே பார்த்து ஏறினால் கடலுக்கு மேல் போய் வலப்பக்கம் திரும்ப வேண்டும், மேற்கே பார்த்து ஏறினால் ஊருக்கு மேல் சுற்றித் தெற்கே வர வேண்டும். நேர்கோட்டு 353 கிலோமீட்டரில் இந்தச் சுற்று சேராது.

அங்கே போனாலும் அதே கதை. வழியில் சென்னை வான்பரப்பிலிருந்து கொழும்பு வான்பரப்புக்குக் கைமாற்றுவார்கள். பலாலியில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கேற்ப ஓடுபாதையின் ஒரு முனையைத் தேர்ந்து, சுற்றி வந்து இறங்க வேண்டும். ஆக, நிலம் விட்டு நிலம் தொடுவது ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம். மீதி தரையில். அதற்கும் மேல் ஐந்து பத்து நிமிடம் தாராளமாகச் சேர்த்துத்தான் அட்டவணை போடுவார்கள், இல்லாவிட்டால் தினமும் தாமதக் கணக்கில் விழும். அதனால் நேரத்துக்குக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

உங்கள் கணக்குக்கு முக்கியமானது வேறு. ஏடிஆர் சின்ன விமானம்தான், ஆனால் பயணம் வெளிநாடு. மதுரைக்குப் போகிற மாதிரி ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஏற முடியாது. பன்னாட்டு முனையம், குடியகல்வு வரிசை, சுங்கம் எல்லாம் உண்டு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களோடு அதே வரிசையில்தான் நிற்பீர்கள். மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள்.

அம்பத்தூர் அருண்:

இவ்வளவு முக்கியமான தடத்துக்கு இன்னும் விசிறி விமானம்தானா? ஓடுபாதையை நீட்டி ஏர்பஸ் 320 விட்டால் அரைமணியில் போய்விடலாமே. அரசாங்கங்கள் இதைக் கேட்டால் என்ன?

வான்வழி:

அருண், இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

ஜெட்டின் வேகம் மணிக்கு 830 என்று வையுங்கள். 353க்கு வகுத்தால் 25 நிமிடம் சொச்சம். ஏடிஆரை விட 16, 17 நிமிடம் குறைவு, தாளில். ஆனால் 353 கிலோமீட்டரில் ஜெட் தன் முழு உயரத்துக்கும் முழு வேகத்துக்கும் போய்ச் சேருவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். நடைமுறையில் மிச்சமாவது பத்து நிமிடம், மிஞ்சினால் பன்னிரண்டு. சென்னை ஓடுபாதை வரிசை ஜெட்டுக்கும் அதேதான்.

இன்னொரு ஒப்பீடு பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கா 642 கிலோமீட்டர், பலாலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே ஜெட்தான் ஓடுகிறது. டிக்கெட்டில் நேரம் ஒன்றரை மணியை ஒட்டி. தூரம் இரட்டிப்பானாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கூடுகிறது. குறுகிய தடத்தில் பயண நேரத்தைத் தீர்மானிப்பது தரைதான். காற்றும் அப்படியே. எதிர்க்காற்று மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் அடித்தால்கூட இந்தத் தூரத்தில் ஐந்து நிமிடம்தான் தள்ளும்.

வாசு கேட்ட மொத்தக் கணக்கைப் போட்டால் இன்னும் தெளிவாகும். வேளச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் அரைமணி. முன்கூட்டி வந்து நிற்பது மூன்று மணி. பிளாக் டைம் ஒன்றேகால். அங்கே குடிவரவும் பெட்டியும் அரைமணி முதல் முக்கால் மணி. பலாலியிலிருந்து யாழ் நகரம் 16 கிலோமீட்டர் அளவு, அதற்கு ஒரு அரைமணி. ஆக ஆறு மணி நேரம். இதில் 42ஐ 25 ஆக்கினால் என்ன மாறும்? குடியகல்வில் இன்னும் இரண்டு ஜன்னல் திறந்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும். நான் மனதார நம்புவது இது: இந்தத் தடத்துக்கு வேண்டியது வேகமான விமானம் இல்லை. வேண்டியது, நாள் தவறாத விமானமும் வேகமான முனையமும்.

வலிவடக்கு:

வாசு தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறியள் எண்டதே பெரிய சந்தோசம். தெல்லிப்பழை எண்டால் பலாலி ஓடுபாதைக்குக் கிட்டத்தான். பிளேன் இறங்கேக்க அவவின்ர ஊர்ப்பக்கம்தான் கீழ கிடக்கும். ஜன்னல் சீற் எடுத்துக் குடுங்கோ.

ஓடுபாதையை நீட்டச் சொல்லுற தம்பிக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். கோபத்தில சொல்லேல்லை, தெரிஞ்சிருக்க வேணும் எண்டு சொல்லுறன். பலாலியைச் சுத்தி இருக்கிறது வெறும் நிலம் இல்லை, ஆக்களின்ர காணி. 1990 ஆனியில பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் எண்டு வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. ஒரு கிழமையில திரும்பி வரலாம் எண்டு நினைச்சுத்தான் கனபேர் வீட்டைப் பூட்டினவை. பிறகு அது ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 இலதான் விட்டவை. இன்னும் விடாத காணி கிடக்கு. காணிப் பத்திரத்தைக் கையில வைச்சுக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில இருக்கிற சனம் இண்டைக்கும் இருக்கு. நல்ல செம்மண், வாழையும் வெங்காயமும் விளைஞ்ச தோட்டக் காணி.

வான்வழி அண்ணை கணக்குப் போட்டுக் காட்டினது எனக்கு மனசுக்கு ஆறுதலா இருந்தது. பத்து நிமிசம் குறையிறதுக்காக இன்னொருத்தன்ர தோட்டத்துக்கு மேல தார் ஊத்த வேணுமோ?

கரவெட்டி மாறன்:

அண்ணை, காணி சனத்திட்டத் திரும்பிப் போக வேணும் எண்டதில எனக்கு உங்களோட ஒரு சொல்லும் மாறுபாடு இல்லை. ஆனா பெரிய பிளேன் கேக்கிற எல்லாரும் நேரத்துக்காகக் கேக்கேல்லை.

இப்ப வாற பிளேனில 70, 78 சீற்தான். நல்லூர்த் திருவிழா நேரம், தைப்பொங்கல் நேரம், கலியாண மாசம் எண்டால் டிக்கெற் விலை ஏறிப் போகுது. லண்டனில, கனடாவில இருந்து வாற சனம் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியோட வரும். சென்னையில இறங்கி ஏடிஆரில மாறி ஏறேக்க அந்த நிறை குடுக்க மாட்டினம். மிச்சத்துக்குக் காசு கட்ட வேணும், இல்லாட்டி பெட்டியை விட்டிட்டு வர வேணும். அதாலதான் இன்னும் கனபேர் கட்டுநாயக்காவில இறங்கி, வான் பிடிச்சு, ஏழெட்டு மணித்தியாலம் றோட்டால வருகினம். வயசுபோன ஆக்கள், கைக்குழந்தையள் எல்லாம் அந்த றோட்டிலதான். எங்கட பெடியளுக்கு விமான நிலையத்தில வேலையும் வேணும். இதையும் யோசிக்க வேணும்.

வலிவடக்கு:

மாறன், நியாயமான கதை. அப்பிடியெண்டால் நான் கேக்கிறது இது: ஒரு ஏடிஆர் வாற இடத்துக்கு நாளைக்கு மூண்டு வரட்டும். அதுக்கு ஒரு முழக் காணியும் வேண்டாம். 78 சீற் மூண்டு தரம் வந்தால் ஒரு ஏர்பஸ்ஸை விடக் கூடச் சனம் வருமே. விடிய ஒண்டு, பின்னேரம் ஒண்டு எண்டு வந்தால் இன்னும் வசதி. நிறைப் பிரச்சினைக்கு நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைச் சரியா ஓட விட்டால் காணும்.

கரவெட்டி மாறன்:

கப்பல் காத்தடிச்சால் நிக்குது அண்ணை. கார்த்திகை மார்கழியில அதை நம்பிப் பெட்டி அனுப்பேலாது. ஆனா நாளைக்கு மூண்டு ஏடிஆர் எண்டால் நானும் கையெழுத்து வைப்பன்.

பழைய டகோட்டா:

இந்தத் தடத்தின் பழைய கதை இளையவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. ஏர் சிலோன் என்ற இலங்கையின் முதல் விமான நிறுவனம் தன் முதல் சேவையை நடத்தியது 1947 டிசம்பர் 10 அன்று. அந்த முதல் பயணமே எங்கே தெரியுமா? கொழும்பை ஒட்டிய இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று சொல்லப்பட்ட இதே பலாலியில் இறங்கி, சென்னைக்கு. நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்னால். விமானம் டிசி 3, நாங்கள் டகோட்டா என்போம். மணிக்கு 300 கிலோமீட்டர் சுமார் போகும். பலாலியிலிருந்து சென்னைக்கு வானத்தில் ஒன்றேகால் மணியாவது ஆகியிருக்கும். அன்றைக்கு வானத்தில் கழிந்த நேரமும் இன்றைய டிக்கெட் நேரமும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். விமானத்தின் வேகம் கூடியது. விமான நிலையங்களில் நெரிசலும் கூடியது.

போர் தொடங்கியதும் தமிழ்நாட்டுக்கான சேவை நின்றது. ஒரு தலைமுறைக்கு அந்த வழி இல்லாமலே போனது. யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போய், பிறகு வடக்கே பறந்து, தன் ஊருக்குப் பக்கத்து வானத்தையே கடந்து வர வேண்டும். 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்று திறந்து, அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து போய் இறங்கியது. வழமையான சேவை நவம்பரில் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்றுதான் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ தினசரி சேவை தொடங்கியது. இத்தனை முறை அறுந்து அறுந்து ஒட்டிய வழி இது. வான்வழி சொன்ன 'நாள் தவறாத விமானம்' என்பதை நான் அதனால்தான் வழிமொழிகிறேன். மறுபடி ஒரு தடவை அறுந்துவிடக் கூடாது.

உறையூர் செல்வி:

திருச்சியை ஒருவரும் சொல்லவில்லையே! 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விட்டார்கள். அதே ஏடிஆர். டெல்டா மாவட்டக்காரர்களுக்கு இது பெரிய வரம். என் நாத்தனார் குடும்பம் சுன்னாகத்தில் இருக்கிறது, நாங்கள் இந்த வழியில்தான் போய் வருகிறோம்.

வானத்தில் இருக்கிற நேரம் அவ்வளவு குறைவு. ஏறி, பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் கோடியக்கரைப் பக்கம் கடல் தெரியும். கொஞ்ச நேரத்தில் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிடும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருக்கும், மீனம்பாக்கம் சார் சொன்ன காரணம்தான். திருச்சி முனையத்தில் சென்னை அளவு கூட்டம் கிடையாது. அதனால் மொத்த அலைச்சல் நிச்சயம் குறைவு.

ஒரே எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை பலாலிக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க முடியாமல் திருச்சிக்கே திரும்பினோம். பயப்பட ஒன்றுமில்லை, விமானி பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் மறுநாள் போகும்படி ஆனது. திரும்பி வரும் நாளில் சென்னையில் வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் மழைக்காலத்தில் நடுவில் ஒரு நாள் விட்டு வையுங்கள்.

வான்வழி:

செல்வி அக்கா சொன்னதற்குத் தூரக் கணக்கு: திருச்சி – பலாலி 184 கிலோமீட்டர் சுமார், 99 கடல் மைல். இங்கே முந்தைய எளிய பெருக்கல் செல்லாது. திருச்சி வடக்கேயும் இருக்கிறது, மேற்கேயும் இருக்கிறது. தெற்கே 108 கிலோமீட்டர், கிழக்கே 149 கிலோமீட்டர் போக வேண்டும்; இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184 வரும். தாளில் 22 நிமிடம்.

வரைபடத்தைத் திறந்தவர்கள் இதையும் பாருங்கள். பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானை 329 கிலோமீட்டர். மதுரை 217. திருச்சி 184. யாழ்ப்பாணத்துக்குத் தன் நாட்டுத் தலைநகரை விடத் திருச்சியும் மதுரையும் பக்கம். மதுரை கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், நேர் மேற்கே இருக்கிறது. தென்மாவட்டத்துக்கும் ஒரு விமானம் கேட்க நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

காவிரிக்கரை:

நான் தஞ்சாவூர். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம். திருச்சி விமானமா, நாகப்பட்டினம் கப்பலா என்று யோசிக்கிறேன். எது நல்லது?

உறையூர் செல்வி:

கப்பல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரம் அளவு. தூரம் 110 கிலோமீட்டர்தான், பெட்டியும் கூடக் கொண்டுபோகலாம். கடல் அமைதியாக இருக்கிற மாதத்தில் நல்ல பயணம். கல்யாணத் தேதி மாறாது, கப்பல் தேதி மாறும். கல்யாணத்துக்கு விமானத்தில் போய்விட்டு, அவசரமில்லாத இன்னொரு தடவை கப்பலில் போங்கள்.

வேளச்சேரி வாசு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. வலிவடக்கு அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வசாவிளான் சந்தியில இருந்து பள்ளிக்கூடம் மட்டும் நடந்து போவம்" என்று ஆரம்பித்தவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்தே போவதாக முடிவு செய்துவிட்டேன், திருச்சி வரை ரயிலில் உட்கார அம்மாவால் முடியாது. இன்னும் இரண்டு கேள்வி. எந்தப் பக்க ஜன்னல் எடுப்பது? அம்மாவால் நாலு படிக்கு மேல் ஏற முடியாது, சக்கர நாற்காலி வேண்டும், ஏடிஆரில் எப்படி?

வான்வழி:

போகும்போது வலப்பக்கம், எஃப் வரிசை. மேற்கே பார்த்த ஜன்னல். கல்பாக்கம் தாண்டியதும் விமானம் கடலுக்கு மேல் போய்விடும், அங்கிருந்து புதுச்சேரி, கடலூர், காரைக்கால் கரை தூரத்தில் கோடு போல வந்துகொண்டே இருக்கும். திரும்பும்போது அதே கரைக்கு ஏ வரிசை. ஏடிஆரில் இறக்கை கூரைக்கு மேல் இருப்பதால் எந்த வரிசையிலும் கீழே பார்க்க இறக்கை மறைக்காது. எஞ்சினுக்கு நேரே உள்ள வரிசைகளில் இரைச்சல் கூடுதல், பின்பக்கம் எடுத்தால் அம்மாவுக்குச் சற்று அமைதியாக இருக்கும். இறங்கும்போது எந்தப் பக்கம் தெல்லிப்பழை தெரியும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஓடுபாதை தென்மேற்கு – வடகிழக்காகக் கிடக்கிறது. தென்மேற்கு முனையிலிருந்து இறங்கினால் ஊருக்கு மேலாக வரும், வடகிழக்கு முனை என்றால் கடலுக்கு மேலாக வரும்.

மீனம்பாக்கம்:

ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்கதவு வழியாக. கதவே கீழே சாய்ந்து படிக்கட்டாகும். படிகள் குறைவுதான், ஆனால் குறுகலாகவும் சற்றுச் செங்குத்தாகவும் இருக்கும். அதனால் சக்கர நாற்காலி என்று மட்டும் சொன்னால் போதாது. 'படி ஏற இயலாதவர்' என்று டிக்கெட் போடும்போதே குறிப்பிடுங்கள். சக்கர நாற்காலியில் இரண்டு மூன்று வகை உண்டு. வெறும் நாற்காலி என்று பதிவானால் விமானத்தின் அடிவரை தள்ளிக்கொண்டு வருவார்கள், படியை நீங்கள்தான் ஏற வேண்டும். படி ஏற இயலாதவர் என்று பதிவானால்தான் சாய்வுப் பாதையோ தூக்கும் வண்டியோ ஏற்பாடு செய்வார்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னால் தொலைபேசியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் தனியாகப் பதிய வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பின்கதவு என்பதால் பின்வரிசை இருக்கைதான் அம்மாவுக்கு வசதி, நடக்கும் தூரம் குறையும்.

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்; சரக்கறைக் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுப்போகும். ஊசியோடு இருப்பதால் மருத்துவர் சீட்டும் அதே பையில் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை டிக்கெட்டில் உள்ள ஒன்றேகால் மணியை வைத்துப் போடாதீர்கள், வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரத்திலிருந்து ஆறு மணி என்று வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். இட்லி, சப்பாத்தி, பிஸ்கட் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் விடுவார்கள். சட்னி, சாம்பார், தயிர் மட்டும் வேண்டாம், திரவக் கணக்கில் வந்துவிடும். பொடி தடவி எடுத்துப் போங்கள்.

வலிவடக்கு:

வாற திகதியைச் சொல்லுங்கோ தம்பி. தெல்லிப்பழைக்கு ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை, நான் வந்து நிக்கிறன். மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டில.